மூன்றாம் நாள் கைநடுக்கம்

டிசம்பர் மாதக் குன்னூரில் யாருக்குத்தான் கை நடுங்காது? கிளைச் சிறையிலிருந்து காயக்கட்டு மாற்ற எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வரப்பட்ட அந்த விசாரணைக் கைதிக்கும் குளிர்தான் என்று வழிக்காவலுக்கு வந்தவர் சொன்னார். செவிலியரான நானும் நம்பினேன். கம்பளி போர்த்தியிருந்தும் அவர் நெற்றியில் வியர்வை துளித்துளியாக நின்றது. கண்ணில் பட்டும் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. கத்தரிக்கோலுடன் நெருங்கியதும் தட்டு பறந்தது. என் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது. அந்த முகத்தில் நான் கண்டது கோபத்தைவிடப் பெரிய பயம். தினமும் குடித்து வந்தவர் அவர். கைதாகி மது நின்று அது மூன்றாம் நாள்.

தினமும் குடிப்பவரின் மூளையில் நடப்பது இதுதான். மூளையை அடக்கி வைக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளுக்கு மது வலுவூட்டுகிறது. முடுக்கிவிடும் 'குளூட்டமேட்'டின் வேலையைத் தடுக்கிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் மூளை தன் பங்குக்கு ஈடுகட்டத் தொடங்கும்: பிரேக்கைத் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரைக் கூட்டிவிடும். திடீரென்று மது நின்றால் பிரேக் பிடிக்காத வண்டி மலைச்சரிவில் இறங்குவது போன்ற நிலை. ஆறு மணி நேரம் கடந்ததும் கைநடுக்கம், படபடப்பு, வியர்வை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு மனக்குழப்பம் முற்றிப் பூச்சிகள் ஊர்வதும் ஆட்கள் துரத்துவதும் தெரியும். அந்த நேரத்தில் அவர் கண்ணுக்குச் செவிலியரின் கையில் இருக்கும் ஊசியும் ஆயுதம்தான். உயிரைக் காத்துக்கொள்ளவே அவர் அடிக்கிறார்.

இனி சட்டத்தின் கடிகாரத்தைப் பாருங்கள். கைதானவரை உடனே மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். மருத்துவர் பார்க்கும்போது போதைகூட முழுதாகத் தெளிந்திருக்காது. 'நலமாக உள்ளார்' என்று சீட்டு எழுதப்படும். ரிமாண்டாகிச் சிறைக்குள் போன பிறகுதான், பெரும்பாலும் இரவில், அந்த ஆபத்தான மணி நேரங்கள் வருகின்றன. சிறைகளில் மாத்திரை மறுக்கப்பட்டதற்காகவும், வெளி மருத்துவமனைக்கு அனுப்பாததற்காகவும் மிரட்டல்கள் வருவதுண்டு. அவை வேறு வகை. இந்த மூன்றாம் நாள் தாக்குதலை மட்டும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம் என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம்.

குளிர் நடுக்கத்தையும் மது நின்ற நடுக்கத்தையும் பிரித்தறிவது கடினமில்லை. குளிரில் தோல் வறண்டு மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்கும். போர்வையும் சூடான டீயும் கொடுத்தால் தணியும். மற்றதில் வியர்க்கும், நாடி வேகமாக ஓடும். இரு கைகளையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொன்னால் நடுக்கம் நன்றாகத் தெரியும்.

வன்முறையை முன்கூட்டியே கணிக்க நார்வேயில் உருவான 'புரோசெட்' பட்டியல் ஆறு அறிகுறிகளைக் கேட்கிறது: குழப்பம், எரிச்சல், கூச்சல், வாய் மிரட்டல், உடல் மிரட்டல், பொருள்களைத் தாக்குதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அடுத்த 24 மணி நேரத்தில் வன்முறைக்கு வாய்ப்பு அதிகம். எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சிகிச்சை அறையில் எது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரையில், காயத்துக்குச் சிகிச்சை தரப் போலீசார் அழைத்து வந்த ஒருவர், மருத்துவமனைக் கத்தரிக்கோலாலேயே இளம் பெண் மருத்துவர் ஒருவரைக் குத்திக் கொன்றார். அன்றிலிருந்து தட்டைக் கைதிக்கு எட்டாத பக்கத்தில் வைக்கிறேன். கதவுக்கும் எனக்கும் நடுவே அவரை உட்கார வைப்பதில்லை. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் குழம்பிய மூளைக்குச் சட்டம் எட்டாது. மூளையை அமைதிப்படுத்தும் டயஸிபாம் மருந்தும், தயமின் என்ற வைட்டமின் பி1-உம் எட்டும்.

இப்போது சிறைக்குத் திரும்பும் ஒவ்வொரு சீட்டிலும் மருத்துவரிடம் கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்: 'கடைசியாக மது அருந்திய நேரம்'. அதைப் பார்த்துச் சிறைக் காவலர் மூன்றாம் இரவை எண்ணிக்கொள்கிறார்.

என் மணிக்கட்டைப் பிடித்தவரை அன்றே வார்டில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் கட்டு மாற்றப் போனேன். கேட்காமலேயே இரு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் அசையவில்லை.