எழுந்து உட்கார்ந்துவிட்டால் சரியாகிவிட்டதா?

"தலையில அடிபட்டு ஒரு நிமிஷம்தான் டாக்டர் மயங்கிக் கிடந்தான். இப்போ நல்லாத்தான் இருக்கான், கூட்டிட்டுப் போகலாமா?" அவசர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. இன்று கேட்பது ஒரு பையனின் அம்மா. அதற்குள் பையன் மூன்றாவது முறையாக என்னிடம் கேட்கிறான்: "நான் எப்படி இங்க வந்தேன்?"

மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள, விரல் பட்டாலே அமுங்கும் மென்மையான உறுப்பு. மண்டையோட்டுக்குள் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை சட்டென்று சுழலும்போது அது கூடவே திரும்பாமல் கொஞ்சம் பின்தங்கி முறுக்கிக்கொள்கிறது. தாடையோரம் விழும் குத்து குத்துச்சண்டை வீரரை அப்படியே சாய்ப்பது இதனால்தான். நரம்பிழைகள் இழுபடுகின்றன, நம்மை விழித்திருக்க வைக்கும் மூளைத்தண்டின் வேலை தடுமாறுகிறது. ஆள் சரிகிறார்.

கண் திறந்தபின் நடப்பதுதான் வெளியே தெரியாது. நரம்பு செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, சோடியமும் கால்சியமும் உள்ளே புகுகின்றன. அதைச் சீராக்க செல்கள் ஏராளமான சக்தியைச் செலவிடுகின்றன. அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்தமோ குறைகிறது. இந்தப் பற்றாக்குறை பல நாட்கள் நீடிக்கலாம். தலைவலி, மறதி, வெளிச்சம் பட்டால் எரிச்சல் எல்லாம் அப்போது வருபவை. சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், இதைக் காட்டாது. "ஸ்கேன் நார்மல்" என்றதும் மறுநாளே விளையாடப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஆறாத மூளையில் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம், இப்படி அடிபட்டு மூளையின் வேலை தடுமாறுவதைத்தான் மூளை அதிர்ச்சி என்கிறோம். அது கண்டவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை.

நான் அதிகம் பயப்படுவது கண்ணுக்கும் காதுக்கும் இடையே, நெற்றிப்பொட்டுப் பக்கம் விழும் அடிக்கு. அங்கே எலும்பு மெல்லியது, அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால், மயங்கியவர் தெளிந்து நன்றாகப் பேசிக்கொண்டிருக்கலாம். ரத்தம் உள்ளே சேரச் சேர சில மணி நேரத்தில் மறுபடி நினைவிழக்கலாம்.

அதனால் அந்த அம்மாவிடம், இன்று இரவு இங்கேயே இருக்கட்டும் என்றேன். வீட்டுக்குப் போனபிறகும் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, ஒரு பக்கம் பலவீனம், வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வரச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். "நான் எப்படி இங்க வந்தேன்?"