எத்தனை மாடி என்று கேட்பதற்கு முன்

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் காணி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதில எத்தனை மாடி கட்டலாம்?" வெள்ளவத்தைக்காரர் கேட்டாலும், கொட்டாஞ்சேனையை விட்டு வத்தளைப் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர் கேட்டாலும் அதே கேள்விதான். ஒரு பேர்ச் (ஏறத்தாழ 25 சதுர மீற்றர்) காணியின் விலை நிற்கும் நிலையில் அப்படிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் கட்டட வரைபடம் தயாரித்து அனுமதிக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. முதலில் தண்ணீர், அடுத்தது வீதி, அப்புறம்தான் மாடி. ஊரை வலயம் பிரித்துத் திட்டமிடுபவர்களும் இந்த வரிசையில்தான் யோசிக்க வேண்டும். அங்கேயும் பல சமயம் மாடிக் கணக்குத்தான் முன்னுக்கு நிற்கிறது.

கொழும்பு திட்டம் இல்லாமல் வளர்ந்த ஊர் என்று சொல்லிவிட முடியாது. 1921-இல் நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் ஒரு திட்டம் தந்தார். 1948-இல் இன்னொரு திட்டமிடலாளரான பற்றிக் அபர்குரொம்பி ராகமை, ஹோமாகம, ரத்மலானை ஆகிய இடங்களைத் துணை நகரங்களாக வளர்க்கச் சொன்னார். 1978-இன் 41-ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை வந்த பிறகு திட்டங்களுக்கும் வர்த்தமானிகளுக்கும் குறைவே இல்லை. எந்த வலயத்தில் என்ன கட்டலாம் என்று நிறம் தீட்டிய வரைபடமும் இருக்கிறது. காணி வாங்குகிறவர் அதைக் கடைசியில் பார்க்கிறார். சிலர் பார்ப்பதே இல்லை.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நகரத்தில் பெய்யும் மழை வெளியேற வழிகள் மிகக் குறைவு. தெற்கே வெள்ளவத்தை, தெஹிவளை வாய்க்கால்கள் கடலுக்குப் போகின்றன. வடக்கே முகத்துவாரத்தில் ஒரு சுரங்க வழி இருக்கிறது. நாகலகம் வீதியருகே களனி கங்கையோடு சேரும் மதகு இன்னொன்று. கங்கை நிரம்பி ஓடும்போது அந்த மதகை மூடித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஆற்று நீர் ஊருக்குள் வந்துவிடும். மூடினாலோ ஊருக்குள் பெய்த மழை வெளியே போக முடியாது. அந்த நேரத்தில் அது தங்கி நிற்கத்தான் கொலன்னாவை, கோட்டே, ஹீன் எல சதுப்பு நிலங்கள் இருக்கின்றன. தரகர்கள் அவற்றைச் சும்மா கிடக்கிற காணி என்பார்கள். உண்மையில் கொழும்பின் மிகப் பெரிய வடிகால் வசதி அதுதான்.

2010 நவம்பர் மழையில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. சதுப்பைத் தோண்டி வாவியாக்கி அதன் நடுவே எழுப்பிய கட்டடம் அது. 2016 மே மாதம் களனி பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி வீடுகள் நாட்கணக்கில் தண்ணீருக்குள் நின்றன. அடுத்த வருடம் ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அதே கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். நகரத்தின் குப்பையை எங்கே கொட்டுவது என்பதும் காணிப் பயன்பாட்டுத் தீர்மானம்தான். தாழ்ந்த நிலத்தில் ஏழைகள் குடியிருக்கும் இடமாகப் பார்த்து, தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கினார்கள். 2018-இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. நல்லதுதான். ஆனாலும் சதுப்பின் ஓரங்களில் மண் லொறிகள் இறங்குவதை இன்றைக்கும் நான் பார்க்கிறேன்.

மண் நிரப்பிய காணியின் கதை எப்போதும் ஒரே மாதிரித்தான். உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம், சுத்தமாக இருக்கும். நொத்தாரிசு தேடிப் பார்த்திருப்பார், நில அளவையாளரின் பிளானிலும் பிழை இருக்காது. இத்தனையும் சரியாக இருந்தாலும், அங்கே கட்டலாம் என்று அந்தக் கடதாசிகளில் ஒன்றுகூடச் சொல்வதில்லை. உரிமை வேறு, பயன்பாடு வேறு. பழைய உறுதியின் அட்டவணையில் அந்தக் காணி வயல் என்று எழுதியிருந்தால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நிரப்பக் கூடாது. தாழ்நிலமாக இருந்தால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம் கேட்க வேண்டும். இதெல்லாம் முற்பணம் கொடுக்க முன் செய்யவேண்டிய வேலை. முற்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து "ஏதாவது வழி பாருங்கோ" என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரிவதில்லை.

ஒருவர் தன் காணியை இரண்டு அடி உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரரும் உயர்த்துவார். பிறகு ஒழுங்கைக்குத் தார் போடும்போதெல்லாம் அதுவும் கொஞ்சம் உயரும். கடைசியில், உயர்த்தக் காசில்லாத ஓட்டு வீடு மட்டும் பள்ளத்தில் கிடக்கும். கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பக்கம் வாசற்படியில் ஏறாமல் இறங்கிப் போகிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, வீதிக்கு வருவோம். எத்தனை மாடி என்பதை வலயம் மட்டும் தீர்மானிப்பதில்லை. காணியின் பரப்பும் முன்னால் உள்ள வீதியின் அகலமும் சேர்ந்துதான் எல்லா மாடிகளுக்கும் சேர்த்து அனுமதிக்கப்படும் தளப்பரப்பைத் தருகின்றன. 12 மீற்றர் வீதியைப் பார்த்த காணிக்குக் கிடைப்பது 6 மீற்றர் ஒழுங்கைக்குள் இருக்கும் காணிக்குக் கிடைக்காது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் 1981-இன் கரையோரச் சட்டப்படி இன்னொரு அனுமதியும் தேவைப்படும். பிளானில் ஒழுங்கை 6 மீற்றர் என்று இருக்கும். நேரில் போனால் மின்கம்பம், வெளியே தள்ளிய மதில், நிறுத்தி வைத்த வான், மூன்று ஓட்டோ. தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லாத ஒழுங்கையில் பிளானில் உள்ள அகலத்தை வைத்து மாடி கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். நேரில் அளந்த அகலத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். என் வாடிக்கையாளர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

வீதிக்கோடு என்ற ஒன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிர்காலத்தில் வீதியை அகலிக்க ஒதுக்கிய எல்லை அது. காணி உங்களுடையதுதான், ஆனால் அந்தத் துண்டில் கட்ட முடியாது. 13 பேர்ச் காணியை இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்க ஒரு தகப்பன் நினைக்கிறார் என்று வைப்போம். பொதுவாக ஒரு துண்டு 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது. ஆறரை ஆறரையாகப் பிரித்தால் போதும்போலத் தெரியும். வீதிக்கோட்டுக்குள் ஒன்றரை பேர்ச் போகிறது என்று சான்றிதழ் வந்தால் மிச்சம் பதினொன்றரை. பிரிப்பு அங்கேயே நின்றுவிடும். மாநகர சபையில் சிறிய கட்டணம் கட்டி எடுக்கக்கூடிய சான்றிதழ் இது.

பின்பக்கம் விடவேண்டிய இடத்தைத் தகரம் போட்டு மூடிக் குசினியாக்குவது பற்றி எழுதினால் உறவினர்களே கோபிப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

பயன்பாட்டு மாற்றம் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. வீடும் கடையும் ரியூஷன் வகுப்பும் கலந்து இருப்பதால்தான் வெள்ளவத்தை வெள்ளவத்தையாக இருக்கிறது. அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கச் சொல்ல மாட்டேன். பிரச்சினை எங்கே வருகிறதென்றால், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தை வாகனத் தரிப்பிடம் என்று காட்டி அனுமதி எடுத்துவிட்டு, பிறகு அதை மண்டபமாக்கும்போதுதான். அந்த மாற்றத்துக்கும் அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வசதியானவர்கள் வாழும் கறுவாத்தோட்டத்துக்கு விசேட வதிவிட வலயம் என்ற பாதுகாப்பை நகரத் திட்டங்கள் கொடுத்திருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவருக்கு இரவில் நித்திரை வேண்டாமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இவை எல்லாம் கடைசியில் போய் முட்டுவது சி.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் இணக்கச் சான்றிதழில். அனுமதித்த வரைபடத்தின்படிதான் கட்டடம் எழுந்தது என்பதற்கான சான்று அது. அது இல்லாமல் அடுக்குமாடியைக் கூட்டு ஆதனமாக, அதாவது வீடுகளுக்குத் தனித்தனி உரிமை உள்ள கட்டடமாக, பதிய முடியாது, பதியாவிட்டால் உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி வராது. முழுப் பணமும் கட்டி, பால் காய்ச்சிக் குடிபுகுந்து, வருடக்கணக்கில் உறுதிக்காக அலையும் குடும்பம் ஒன்று என்னிடம் வந்தது. அனுமதித்ததைவிட ஒரு மாடி கூடுதலாக எழுப்பியிருந்தார்கள். மேல்மாடியில் இருப்பவருக்கு மட்டுமல்ல, கட்டடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் உறுதி இல்லை. வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பிய மகனுக்கு அதை விளங்கப்படுத்துவதுதான் அந்தத் தாய்க்குப் பெரிய பாடாக இருந்தது. மாடி வீடு வாங்குகிறவர்கள் மாபிள் நிறத்தைப் பார்க்க முன் அபிவிருத்தி அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். அதில் எழுதிய மாடி எண்ணிக்கையை, கீழே நின்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒரு பகுதிக்கு அபிவிருத்தித் திட்டம் தயாராகும்போது அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து எழுத்தில் ஆட்சேபம் கேட்கும் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. நம் ஆட்கள் அங்கே எழுதுவது குறைவு. பத்திரிகையில் அறிவித்தல் வந்தது தெரியாது என்பார்கள், தமிழில் எழுதினால் எடுப்பார்களா என்பார்கள். தமிழும் அரச கரும மொழி, தாராளமாக எழுதலாம். வரைபடம் கையில் கிடைக்காவிட்டால் 2016-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். எழுதும்போது "எங்கள் பகுதி பாதிக்கப்படுகிறது" என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஒழுங்கையின் பெயர், நாடா பிடித்து அளந்த அகலம், எந்தத் திகதி மழையில் எந்தக் கான் நிரம்பி எந்த வீட்டு வாசல் வரை தண்ணீர் வந்தது என்ற விபரம், அன்று எடுத்த படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். ஒரு பிரதியை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.