நோன்பு வைப்பீர்களா என்று கேட்பதற்கு முன்

சர்க்கரை நோய்க்கான மருந்துச் சீட்டில் "காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதுகிறோம். அப்படி எழுதும் மருத்துவரின் மனத்தில் ஒரு வீடு இருக்கிறது. அங்கே எட்டு மணிக்கு இட்லி, ஒன்றரை மணிக்குச் சோறு, இரவு ஒன்பதுக்கு மீண்டும் டிபன். கிருஷ்ணகிரியில் என் முன்னால் வந்து உட்காருகிறவர்களில் பலருடைய வீடு அப்படி இல்லை. வேப்பனப்பள்ளிப் பக்கத்து விவசாயி காலை பத்து மணிக்குக் களியும் கீரையும் சாப்பிட்டால், அடுத்த சாப்பாடு பொழுது சாய்ந்த பிறகுதான். நகைக்கடை நடத்தும் ஜைனக் குடும்பம் சூரியன் மறைவதற்குள் கடைசி உணவை முடித்துவிடுகிறது. ஓசூர்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒடிசா இளைஞர் தூங்கப் போவதே விடிந்த பிறகுதான். ரமலான் மாதத்திலோ ஊரின் பல தெருக்களில் நாலு மணிக்கே அடுப்பு எரிகிறது. பிறகு மாலை ஆறரை வரை தண்ணீர்கூடக் கிடையாது.

எந்த நேரத்தில் வயிறு காலியாக இருக்கும் என்பதை நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும். சொன்னால் திட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர் வாய் திறப்பார். இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தவரை, அந்த நம்பிக்கை மருத்துவமனைக்கு வெளியேதான் பிறக்கிறது. அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்களை நம் வீட்டுக்கு அழைத்து, இரண்டு பக்கமும் கேள்வி கேட்டுப் பழகினால்தான் அது வருகிறது.

எங்கள் மாவட்டம் 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. கர்நாடகமும் ஆந்திரமும் எல்லையில் நிற்கின்றன. என் காத்திருப்பு அறையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே நேரத்தில் காதில் விழும். நான்கு மொழிகளிலும் பாடம் நடத்தும் அரசுப் பள்ளிகள் இங்கே உண்டு. இப்போது கிரானைட் பட்டறைகளிலும் ரோஜாப் பசுமைக்குடில்களிலும் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்டன. பக்கத்தில் பக்கத்தில் வாழ நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெருநாளுக்கு அவர்கள் வீட்டிலிருந்து பிரியாணி வரும். பொங்கலுக்கு நம் வீட்டிலிருந்து கரும்பு போகும். ஆனால் அந்தப் பிரியாணியைச் சமைத்து அனுப்பிய அம்மாவுக்கு, முந்தைய ஒரு மாதம் மாலை நான்கு மணிக்கெல்லாம் கை நடுங்கியது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது. பண்டிகையில் தட்டு மாற்றிக்கொள்வதை நட்பு என்று எண்ணி நாம் நின்றுவிடுகிறோம். அதைத் தாண்டிப் போக வேண்டும் என்பதே என் ஆசை.

உருதுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை எனக்கு நெருங்கிய தோழி. முதலில் நோயாளியாகத்தான் வந்தார். ஒரு ரமலானில் நோன்பு திறக்க வீட்டுக்கு அழைத்தார். போனேன். பேரீச்சம்பழம், பழத் துண்டுகள், சமோசா, ஒரு பெரிய பாத்திரத்தில் சர்பத். ஆண்கள் தொழுகைக்குப் போன பிறகு சமையலறையில் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். பல மாதம் பார்த்த நோயாளிகள் என்னிடம் சொல்லாததை அந்த அரைமணி நேரத்தில் கேட்டேன். காலை மாத்திரையை அப்படியே சஹர் எனப்படும், விடியலுக்கு முந்தைய சாப்பாட்டோடு போட்டுக்கொள்கிறார்கள். சிலர் பகல் முழுக்கச் சாப்பிடவில்லையே என்று இரவு மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். விரலில் குத்தி ரத்தம் பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து, குளுக்கோமீட்டரை அலமாரியில் பூட்டிவைக்கிறார்கள். "நோன்பு வைப்பீர்களா என்று நீங்கள் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வோம், டாக்டரம்மா. வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுவீர்களே" என்றார் வயதான ஓர் அம்மா.

அன்று தோழி விளக்கியது எந்தக் கையேட்டிலும் நான் படிக்காத ஒன்று. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று குர்ஆனே சொல்கிறது. பின்னொரு நாளில் ஈடுசெய்யலாம். அதற்கும் உடல் இடம் தராதவர் ஏழைக்கு உணவளிக்கலாம். இது எல்லாருக்கும் தெரியும். "ஆனால் வீட்டில் எல்லாரும் நோன்பு வைத்திருக்கும்போது, நான் மட்டும் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு வலிக்கும் தெரியுமா?" என்றார். அதன் பிறகு "உங்கள் மதமே விலக்குத் தருகிறதே" என்று எந்த நோயாளியிடமும் நான் வாதம் செய்வதில்லை. நோன்பு வைக்க ஆசை இருக்கிறதா என்று முதலில் கேட்கிறேன். ஆசை இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகு, உடல் இடம் தருமா என்று இருவரும் சேர்ந்து பார்க்கிறோம்.

மருத்துவ விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2001-இல் 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்ட எபிடியார் ஆய்வு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ 79 சதவீதம் பேர் ரமலானில் 15 நாட்களாவது நோன்பு வைத்ததாகக் கண்டது. அதே ஆய்வில், இந்த வகையினருக்கு மருத்துவமனையில் சேரும் அளவுக்கான தாழ் சர்க்கரை மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடியிருந்தது. அதாவது, மருத்துவர் வேண்டாம் என்று சொல்வதால் நோன்பு நின்றுவிடுவதில்லை. மருத்துவருக்குத் தெரியாமல் நடக்கிறது, அவ்வளவுதான். ஆபத்து எல்லாருக்கும் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை தாழும் வாய்ப்பு மிகக் குறைவு. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் காலி வயிற்றில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கக்கூடியவை. டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்குவதால், தண்ணீர் குடிக்காத பகலில் உடல் வறண்டுவிடக்கூடும். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள், அண்மையில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயங்கியவர்கள் ஆகியோரிடம் நோன்பு வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றவர்கள், நோன்பு தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவும் நேரமும் அப்போதே மாற்றியமைக்கப்பட வேண்டும், நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள். பிறை கணக்கால் ரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னதாக வருகிறது, ஆகவே போன ஆண்டுத் தேதியை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கருத்து. இதை நான் சொன்னபோது நம்பாதவர்கள், தோழி தன் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு வந்து சொன்ன பிறகு நம்பினார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே ஏறினாலோ, நேரம் எதுவாக இருந்தாலும், அன்றைய நோன்பை அங்கேயே முடித்துவிட வேண்டும். சஹரைத் தவிர்க்கவே கூடாது. முடிந்தவரை கடைசி நேரத்தில், மெதுவாகச் செரிக்கும் உணவாகச் சாப்பிட வேண்டும். கேழ்வரகு விளையும் ஊர் இது, அதற்குப் பஞ்சமில்லை. இரவுச் சிறப்புத் தொழுகையான தராவீஹ் நல்ல உடற்பயிற்சிதான். அதற்குமேல் அந்த மாதத்தில் வேக நடை வேண்டாம்.

தோழியின் வீட்டைப் பார்த்ததால் எல்லா முஸ்லிம் வீடுகளையும் தெரிந்துகொண்டதாக நான் எண்ணியிருந்தால், அது வேறொரு அறியாமையாகியிருக்கும். காவேரிப்பட்டணத்தில் தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் குடும்பத்தோடு பழக்கம் ஏற்பட்டபோது அங்கே சர்பத்தும் இல்லை, சமோசாவும் இல்லை. பள்ளிவாசலிலிருந்து தூக்கில் வாங்கிவந்த நோன்புக் கஞ்சிதான் பிரதானம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு சேர்ந்த அந்தக் கஞ்சியைக் குடித்தபின் சர்க்கரை ஏறும் வேகம் வேறு, சர்பத் குடித்தபின் ஏறும் வேகம் வேறு. ஒரே மதம், ஒரே நோன்பு, ஆனால் இரண்டு வீட்டுக்கும் என் ஆலோசனை ஒன்றாக இருக்க முடியாது. பண்பாட்டைப் பற்றிப் பொதுவாகப் படித்துத் தெரிந்துகொள்வதில் எனக்கு இருக்கும் தயக்கம் இதுதான். படிப்பு "முஸ்லிம்கள் இப்படி, பீகாரிகள் இப்படி" என்று சொல்லி முடித்துவிடும். பழக்கம்தான் இந்த அம்மா எப்படி, அவருடைய மருமகள் எப்படி என்று காட்டும்.

இந்த நட்புகளால் மிக அதிகமாகப் பயனடைந்தவர்கள் என் சொந்தச் சமூகத்து நோயாளிகள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரமலானைப் பற்றிக் கேட்கப் பழகிய பிறகு, எல்லாரிடமும் விரதத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். அமாவாசைக்கு மதியம்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா, கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஐயா, ஏகாதசி, ஆடி வெள்ளி, சபரிமலை மாலை என்று வரிசையாக வந்தார்கள். பெரும்பாலோர் விரத நாளிலும் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு சாப்பாட்டை விட்டுவிடுகிறவர்கள். தாழ் சர்க்கரை வருவதற்கு இதைவிட நேரான வழி இல்லை. இதையெல்லாம் நம் வீட்டுப் பழக்கம்தானே என்று மருத்துவரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. பிறருடைய நோன்பை மரியாதையோடு விசாரிக்கப் பழகியவருக்குத் தன் வீட்டு விரதமும் கண்ணில் படத் தொடங்குகிறது.

ஜைன நண்பர் ஒருவரின் குடும்பத்தில் பார்த்தது இன்னொரு வகை. மாலை ஆறுக்குள் சாப்பிட்டு முடிக்கும் வழக்கம் சர்க்கரைக்கு நல்லது. நேரம் கழித்துச் சாப்பிடும்போது சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. ஆனால் அவருடைய தாயாருக்கு "இரவு சாப்பாட்டுக்கு முன்" என்று எங்கோ எழுதித் தந்த இன்சுலினை, வீட்டார் ஒன்பது மணிக்குப் போட்டு வந்தார்கள். சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் இது தெரியவந்தது.

ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் வட மாநிலத்தவர்களோடு நட்பு அவ்வளவு எளிதாக அமைவதில்லை. அவர்கள் பெரும்பாலும் மேஸ்திரியோடு வருகிறார்கள், மேஸ்திரிதான் மொழிபெயர்க்கிறார். கூலி தருபவர் பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தொழிலாளி தன் களைப்பைச் சொல்வார்? கைனிப் புகையிலை போடுவதுண்டா என்று கேட்டால் தலையாட்டி மறுப்பார்கள், கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு தெரியும். எங்கள் செவிலியர் ஒருவர் ஜார்க்கண்ட் பெண்கள் சிலரோடு ஒரே காம்பவுண்டில் குடியிருக்கிறார். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசி அவர்களுடைய இந்தியை இவர் கற்றார், அவர்கள் தமிழ் கற்றார்கள். இப்போது அந்தப் பெண்கள் மேஸ்திரி இல்லாமல், அவரை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். தீபாவளிக்கு ஆறு நாள் கழித்து வரும் சட் பூஜையில் பீகார்ப் பெண்கள் ஏறத்தாழ 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார்கள் என்று எனக்குச் சொன்னவரும் அந்தச் செவிலியர்தான். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பீகாரைச் சேர்ந்த பெண் நோயாளி வந்தால் இப்போது அதையும் கேட்கிறேன்.

2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, இங்கேயும் பலர் பயந்து மூட்டை கட்டினார்கள். அந்தச் செவிலியரின் காம்பவுண்டில் இருந்தவர்கள் மட்டும் அவரிடம் வந்து "அக்கா, இது உண்மையா?" என்று கேட்டார்கள். கேட்பதற்கு ஓர் அக்கா இருந்தார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள். வாசலில் நின்று மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகாமல், திண்ணையில் உட்கார்ந்து தெலுங்கிலோ கன்னடத்திலோ நாலு வார்த்தை பேசும் தன்னார்வலர் கொண்டுவரும் தகவல், எனக்கு ஒரு பரிசோதனை முடிவுக்குச் சமம்.

மருத்துவர் அல்லாதவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களோடு வேலை செய்யும் இஸ்லாமியத் தோழரோ, பக்கத்து வீட்டு அக்காவோ நோன்பு வைப்பவராகவும் சர்க்கரை நோயாளியாகவும் இருந்தால், என்ன மாத்திரை, எந்த நேரத்தில் சாப்பாடு என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லையென்றால், அந்த உரிமை வரும்வரை பழகுங்கள். அவர்கள் உங்களைக் கேட்கவும் இடம் கொடுங்கள். பிற்பகலில் அவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி, காரணமில்லாமல் எரிச்சல் வந்தால் அது சர்க்கரை இறங்குவதன் அறிகுறி. அந்த நேரத்தில் அவருக்கே அது புரியாது. பக்கத்தில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். நோன்பை முடித்துக்கொள்ளச் சொல்லி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்து, 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் கொடுங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வந்ததும், அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.