வேலையில் இருந்துகொண்டே இணையத்தில் பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையா?

மாதச் சம்பளத்தில் இருக்கும் ஒருவர், மாலையிலும் விடுமுறையிலும் கிடைக்கும் நேரத்தில் மின்வணிகத் தளம் ஒன்றின் வழியாகப் பொருள் விற்கத் தொடங்கினால், எடுத்த எடுப்பிலேயே ஜிஎஸ்டி பதிவெண் வாங்கியாக வேண்டும் என்பதே 2023 செப்டம்பர் வரை இருந்த நிலை. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017-இன் 24-ஆவது பிரிவு, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இத்தகைய விற்பனையாளர் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியிருந்தது. கடை வைத்து விற்பவருக்குப் பல லட்சம் ரூபாய் வரை பதிவிலிருந்து விலக்கு இருக்க, அதே பொருளை இணையத்தில் மாதம் பத்துப் பேருக்கு விற்பவர் முதல் ரூபாயிலிருந்தே பதிவும் ரிட்டர்ன் தாக்கலும் செய்ய வேண்டியிருந்தது. விற்பனையே நடக்காத மாதத்தின் ரிட்டர்னைத் தாமதமாகத் தாக்கல் செய்தாலும் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். பகுதிநேரமாகத் தொழிலைத் தொட்டுப் பார்க்க நினைத்த பலரைத் தயங்க வைத்தது வரியை விட இந்தத் தாக்கல் வேலைதான்.

மத்திய அரசு 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட 34/2023 எண்ணுள்ள அறிவிக்கை இந்த நிலையை மாற்றியது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்த அறிவிக்கையின்படி, மின்வணிகத் தளத்தின் மூலம் பொருள் விற்கும் சிறு விற்பனையாளர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஜிஎஸ்டி பதிவு இல்லாமலேயே விற்கலாம். பதிவெண்ணுக்குப் பதிலாக அவர் என்ரோல்மென்ட் எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டால் போதும். இதற்காக ஜிஎஸ்டி பொது இணையதளத்தில் தமது பான் எண், தொழில் நடத்தும் இடத்தின் முகவரி, மாநிலம் ஆகியவற்றை அறிவிக்க வேண்டும். பான் எண் சரிபார்க்கப்பட்டு என்ரோல்மென்ட் எண் வழங்கப்பட்ட பிறகே முதல் பொருளை விற்க வேண்டும். விற்றுவிட்டுப் பிறகு எண்ணுக்கு விண்ணப்பிப்பதை அறிவிக்கை அனுமதிக்கவில்லை. ஒரு மாநிலத்துக்கு ஒரு எண் மட்டுமே கிடைக்கும். இரண்டு மாநிலங்களில் இருந்துகொண்டு தளங்களின் மூலம் விற்பவருக்கு இந்தச் சலுகையே கிடையாது.

நிபந்தனைகளில் கடுமையானது, வேறு மாநிலத்துக்கோ ஒன்றியப் பகுதிக்கோ பொருள் அனுப்பக் கூடாது என்பது. பொருள் எங்கே சென்று சேர்கிறது என்பதே இங்கே கணக்கு. நாகப்பட்டினத்தில் இருப்பவர் கன்னியாகுமரிக்கு ஒரு புடவையை அனுப்பினால் அது மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை. அதே புடவையை அருகிலுள்ள காரைக்காலுக்கு அனுப்பினால், காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதால், அது மாநிலம் கடந்த விற்பனை ஆகிவிடுகிறது. மாறாக, புதுச்சேரி நகரில் இருப்பவர் காரைக்காலுக்கு விற்கும்போது பொருள் தமிழ்நாட்டுச் சாலைகளின் வழியே சென்றாலும் அது ஒரே ஒன்றியப் பகுதிக்குள் நடந்த விற்பனையே. என்ரோல்மென்ட் எண் மட்டும் உள்ள விற்பனையாளரின் பொருளை வேறு மாநிலத்தவருக்கு விற்க இடம் தரக் கூடாது என்ற கடமை தளத்தின் மீதும் சுமத்தப்பட்டுள்ளது. இதனால் வாடிக்கையாளர் வட்டம் சுருங்கும் என்பது உண்மை. ஆனால் பொருள் விலை போகுமா என்பதைப் பார்க்க ஒரு மாநிலச் சந்தையே போதுமானது என்பது என் கருத்து.

அடுத்து வருவது விற்றுமுதல் வரம்பு. அறிவிக்கை சுட்டும் 22-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு, தமிழ்நாடு உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களுக்கு 20 லட்சம் ரூபாய் என்கிறது; முந்தைய நிதியாண்டிலும் நடப்பு நிதியாண்டிலும் இதைத் தாண்டியிருக்கக் கூடாது. பொருள் மட்டுமே விற்பவருக்கு 40 லட்சம் என்று பலரும் சொல்வது, 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வேறோர் அறிவிக்கையைக் குறித்தது. அந்த அறிவிக்கை 24-ஆவது பிரிவின் கீழ் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவர்களை விலக்கி வைத்திருப்பதால், தளத்தின் மூலம் விற்பவர் 20 லட்சத்தையே எல்லையாகக் கொள்வது பாதுகாப்பானது.

வேலையில் இருப்பவருக்கு உடனே எழும் ஐயம், சம்பளமும் இந்த வரம்புக்குள் சேருமா என்பது. சேராது. ஊழியர் தம் முதலாளிக்குச் செய்யும் பணியை ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வழங்கல் (பொருளையோ சேவையையோ விற்பது) என்றே கருதுவதில்லை. ஆண்டுக்கு 25 லட்சம் சம்பளம் வாங்குபவரும் விற்றுமுதலைச் சுழியத்திலிருந்தே எண்ணத் தொடங்கலாம். வீட்டு வாடகை வாங்குபவரின் நிலை வேறு. குடியிருப்புக்கு விடப்படும் வீட்டின் வாடகைக்கு வரி விலக்கு இருந்தாலும், விலக்குப் பெற்ற வழங்கல்களும் மொத்த விற்றுமுதலில் அடங்கும் என்பதால், அந்தத் தொகை வரம்பில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஒரே பான் எண்ணின் கீழ் நாடு முழுவதும் நடக்கும் எல்லா வழங்கல்களும் ஒன்றாகவே கூட்டப்படும்.

என்ரோல்மென்ட் எண்ணில் விற்பவர் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. தாம் கொள்முதலில் செலுத்திய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது. எனவே அந்த வரி பொருளின் அடக்கவிலையில் சேரும். பதிவு பெற்றவர்களின் விற்பனைத் தொகையிலிருந்து தளமே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் டிசிஎஸ் என்ற வரி இவர்களிடம் பிடிக்கப்படுவதில்லை. பதிவு இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி எந்தத் தளத்தையும் சட்டம் வற்புறுத்தவில்லை என்பதால், எண் வாங்கும் முன் தளத்தின் விதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து யுபிஐ மூலம் தாமே பணம் பெறுபவருக்கும், சொந்த இணையதளத்தில் சொந்தப் பொருளை விற்பவருக்கும் இந்த எண் தேவையில்லை. இடையில் பணம் வசூலித்துத் தரும் தளம் இல்லாததால், அவர்களுக்குக் கடைக்காரர்களுக்கு உரிய வழக்கமான வரம்பே பொருந்தும். ஆயினும் வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் விற்றுமுதலைப் பாராமல் பதிவு கட்டாயம் என்ற பொதுவிதி அவர்களுக்கும் உண்டு. கூரியரில் பெங்களூருக்கு ஒரு பொட்டலம் அனுப்பும்போது இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜிஎஸ்டி விலக்கு வருமான வரி விலக்கு ஆகாது. தொழில் வருமானம் சேர்ந்துவிட்டால், சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐடிஆர்-1 படிவம் பொருந்தாது. உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுத்தால், வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ வந்த விற்றுமுதலில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். உண்மையான லாபம் அதைவிட அதிகமானால் அதையே காட்ட வேண்டும். தொழிலில் நட்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள முடியாது. இவற்றை விட முக்கியமானது பழைய, புதிய வரி முறைகளைப் பற்றிய கட்டுப்பாடு. சம்பளம் மட்டும் உள்ளவர் ஆண்டுதோறும் விரும்பிய முறையை மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கலாம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குச் சென்றால் ஒரே ஒருமுறைதான் புதிய முறைக்குத் திரும்பலாம். அதன் பிறகு தொழில் வருமானம் இருக்கும் வரை பழைய முறை அவருக்குக் கிடைக்காது. வீட்டுக் கடன் வட்டியை நம்பிப் பழைய முறையில் இருப்பவர் சில ஆயிரம் ரூபாய் விற்பனைக்காக இந்தச் சுதந்திரத்தை இழப்பது தகுமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தனியார் நிறுவனத்தில் பணிபுரிபவரைக் கட்டுப்படுத்துவது அவருடைய பணி நியமனக் கடிதம். வேறு தொழில் செய்யக் கூடாது என்றோ முன் அனுமதி வேண்டும் என்றோ அதில் இருந்தால், என்ரோல்மென்ட் எண் அதற்கு மாற்றாகாது. மத்திய அரசு ஊழியருக்கு 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் 15-ஆவது விதி, அரசின் முன் அனுமதி இன்றி நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிகத்தில் ஈடுபடுவதைத் தடை செய்கிறது. மனைவி அல்லது கணவர் பெயரில் நடத்தலாம் என்று எளிதாகச் சொல்லப்படும் வழியையும் அதே விதி கவனித்திருக்கிறது: குடும்பத்தினர் வணிகம் செய்தால் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அந்த வணிகத்துக்காக ஊழியர் தாமே பிறரிடம் ஆதரவு திரட்டுவது விதிமீறலாகும்.

விற்றுமுதல் வரம்பைத் தாண்டினாலோ வேறு மாநிலங்களுக்கும் விற்கத் தீர்மானித்தாலோ முறையான பதிவுக்கு மாற வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். பதிவெண் கிடைத்ததும் என்ரோல்மென்ட் எண் செல்லாததாகிவிடும். மாநிலத்துக்குள் மட்டும் விற்பதைத் தொடர விரும்புபவருக்குக் காம்போசிஷன் என்னும், சிறு வணிகருக்கான எளிய வரி முறையும் உண்டு; முன்பு தளங்களில் பொருள் விற்பவருக்கு மூடப்பட்டிருந்த அந்த வழியும் 2023 அக்டோபர் 1 அன்றுதான் திறந்தது. வணிகர் அதில் விற்றுமுதலின் மீது 1 சதவீத வரியைக் காலாண்டுக்கு ஒருமுறை தம் கையிலிருந்து செலுத்த வேண்டும்.