ஒரு பாட்டிலுக்குள் நாற்பது ஆண்டு

1957-ல் சிட்னியில் ஒரு கூட்டம் கூடியது. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் தலைமை ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட், தான் 1951 முதல் செய்துவந்த சிவப்பு ஒயினை வரிசையாக எடுத்து வைத்தார். நிறுவனத்தின் பெரிய தலைகளும் ஒயின் விஷயம் தெரிந்தவர்களும் வாயில் வைத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட யாருக்குமே பிடிக்கவில்லை. புத்தி சரியாக உள்ள எவனும் இதைக் காசு கொடுத்து வாங்கமாட்டான் என்றார் ஒருவர். இன்னொருவருக்கு அதில் நசுக்கிய எறும்பின் வாடை அடித்தது. இனி இதைச் செய்யவேண்டாம் என்று மேலிடத்து உத்தரவும் சீக்கிரமே வந்துவிட்டது.

அந்த ஒயின்தான் கிரேஞ்ச். ஆஸ்திரேலிய ஒயின் சேர்ப்பவர்களின் பட்டியலில் இன்று முதலில் நிற்கும் பெயர். 1951-ஆம் ஆண்டுப் பாட்டில் ஒன்று ஏலத்தில் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிப் போயிருக்கிறது.

அன்றைக்குச் சுவை பார்த்தவர்கள் விவரம் கெட்டவர்கள் என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்கள் நாக்கு சொன்னது உண்மைதான். அன்று அந்த ஒயின் கடுமையாகத்தான் இருந்தது. அது ஏன் கடுமையாக இருந்தது, அதே திரவம் பத்து, இருபது, நாற்பது ஆண்டு கழித்து எப்படிப் பட்டுப்போல ஆனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த மாற்றம் முழுக்க வேதியியல், அதுவும் மிக மெதுவாக நடக்கிற வேதியியல்.

சமையலறையிலிருந்தே தொடங்கலாம். தேயிலையைக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு வைத்துவிட்டு, அந்தக் கட்டஞ்சாயாவைச் சர்க்கரை போடாமல் ஒரு மடக்குக் குடித்துப் பாருங்கள். நாக்கு இழுத்துப் பிடிக்கும், ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு சொரசொரவென்று ஆகும். பாக்கை மென்றாலும், கடுக்காயைக் கடித்தாலும், பிஞ்சுக் கொய்யாவைத் தின்றாலும் இதே உணர்வுதான். நாம் துவர்ப்பு என்கிறோம். அதை உண்டாக்குவது டேனின் என்ற மூலக்கூறுக் குடும்பம். நம் எச்சிலில் வழவழப்பு தரும் புரதங்கள் இருக்கின்றன. டேனின் அவற்றைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. வழவழப்பு போனதும் வாய்க்குள் தோலும் தோலும் உரசுகிறது. அந்த உரசலைத்தான் நாம் துவர்ப்பாக உணர்கிறோம். அதே தேநீரில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்கிவிடும். டேனின் பிடித்துக்கொள்ளப் பாலின் புரதம் கிடைத்துவிட்டது, நம் எச்சிலை அது விட்டுவிடுகிறது.

சிவப்பு ஒயினில் இந்த டேனின் திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. நிறமும் தோலிலிருந்துதான். கறுப்புத் திராட்சையை நசுக்கிச் சாற்றை மட்டும் வடித்தால் பெரும்பாலான ரகங்களில் அது வெளிறித்தான் இருக்கும். தோலைச் சாற்றோடு ஊறவிட்டு நொதிக்கவைத்தால்தான் சிவப்பு இறங்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில், தோல் மேலே மிதக்காமல் எவ்வளவு அழுத்திவைக்கிறோம் என்பதைப் பொறுத்து டேனின் கூடும், குறையும்.

இங்கேதான் ஷூபர்ட்டின் வேலை புரியும். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியா பெருமளவில் செய்தது போர்ட், ஷெர்ரி போன்ற சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின்களை. ஷெர்ரி செய்முறையைப் பார்த்துவர அவரை ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். வழியில் 1950-ல் பிரான்சின் போர்தோ பகுதிக்கும் போனார். அங்கே அவருக்கு நாற்பது, ஐம்பது வயதான சிவப்பு ஒயின்களை ஊற்றிக் கொடுத்தார்கள். அவை இன்னும் உயிரோடு இருந்தன. அதைச் சுவைத்தவர், குறைந்தது இருபது ஆண்டாவது தாக்குப்பிடிக்கும் ஒன்றைத் தன் ஊரில் செய்துவிடவேண்டும் என்ற முடிவோடு திரும்பினார். போர்தோவின் திராட்சை ரகமான கேபர்னே சாவிஞான் அங்கே போதுமான அளவு கிடைக்கவில்லை. தாராளமாகக் கிடைத்தது ஷிராஸ். சரி, ஷிராஸையே எடுத்தார். நொதித்தலைச் சூடு ஏறவிடாமல் மெதுவாக நடத்தினார். தோலைச் சாற்றுக்குள்ளேயே அமிழ்த்தி வைத்தார். நொதித்தல் முழுதாக முடிவதற்கு முன்பே புத்தம்புது அமெரிக்க ஓக் பீப்பாய்களில் மாற்றினார். அந்த மரத்திலிருந்து தேங்காயையும் வெனிலாவையும் நினைவூட்டும் வாசனையும் வந்தது, இன்னும் கொஞ்சம் டேனினும் சேர்ந்தது. அதாவது, வேண்டுமென்றேதான் அவர் துவர்ப்பை அள்ளிப் போட்டார். அது பல பத்தாண்டுகளுக்கான கட்டுச்சோறு. 1957-ல் சிட்னியில் அவர்கள் வாயில் வைத்தது அந்தக் கட்டுச்சோற்று மூட்டையைத்தான்.

இனி பாட்டிலுக்குள் போவோம்.

இளம் ஒயினின் ஊதா கலந்த சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழம் தின்றால் நாக்கில் ஒட்டுகிறதே, அந்த நிறத்துக்கும் இதே குடும்பம்தான் காரணம். ஆனால் தனியாக இருக்கும்போது இது ரொம்ப பலவீனமானது. புளிப்பு கொஞ்சம் மாறினாலே நிறம் மங்கும். கெடாமலிருக்க ஒயினில் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடு பட்டாலும் வெளுத்துப்போகும். சில ஆண்டுகளில் தனித்த ஆந்தோசயனினில் பெரும்பகுதி காணாமல் போய்விடுகிறது. அப்படியானால் முப்பது ஆண்டு ஒயின் ஏன் இன்னும் சிவப்பாக இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர், ஷூபர்ட் வேலை செய்த அதே அடிலெய்டு நகரில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிறிஸ் சோமர்ஸ். ஒயின் வயதாக ஆக நிறமிகள் டேனினோடு பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன என்று அவர் 1971-ல் காட்டினார். பிணைந்த பிறகு அந்த நிறம் எளிதில் வெளுப்பதில்லை. கந்தகத்துக்கும் அசைவதில்லை. ஊதா போய், செங்கல் சிவப்பு வருகிறது. டேனினுக்கும் இதனால் குணம் மாறுகிறது. நிறமியைக் கட்டிக்கொண்ட டேனின் எச்சில் புரதத்தை முன்போல இறுகப் பிடிப்பதில்லை. புளிப்பான அந்தத் திரவத்தில் பிணைப்புகள் உருவாவதும் உடைவதும் மறுபடி சேர்வதும் ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கிறது. அளவுக்கு மீறி வளர்ந்தவை கரைந்து நிற்க முடியாமல் அடியில் படிகின்றன. பழைய பாட்டிலின் அடியில் கிடக்கும் கருஞ்சிவப்பு வண்டல் அதுதான். ஒரு காலத்தில் நாக்கைப் பிடித்த துவர்ப்பும், கண்ணைப் பறித்த நிறமும் கைகோத்துத் தரைதட்டிக் கிடக்கின்றன.

இதற்கெல்லாம் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும். கொஞ்சம்தான். ஒயினில் கரைந்த ஆக்சிஜன், அதிலுள்ள நுண்ணளவு இரும்பு, செம்பு ஆகியவற்றின் துணையோடு வேலை செய்து, சிறிதளவு ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இந்த அசிட்டால்டிஹைடு ஒரு பக்கம் டேனினையும் மறுபக்கம் நிறமியையும் பிடித்துப் பாலம் போடுகிறது. அளவோடு வந்தால் ஒயின் மெருகேறும். அளவு மீறினால் பழ வாசனை செத்து, நறுக்கிவைத்து மறந்த ஆப்பிளின் வாடை வரும். நிறமும் பழுப்பேறிவிடும்.

ஆக, பாட்டிலின் ஆயுளைத் தீர்மானிப்பது பெருமளவு அதன் வாயிலுள்ள தக்கைதான். 24 மில்லிமீட்டர் அகலமுள்ள தக்கையை 18 மில்லிமீட்டர் சொச்சம் உள்ள கழுத்துக்குள் அமுக்கித் திணிக்கிறார்கள். அது விரிந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. நல்ல தக்கை உள்ளே விடும் ஆக்சிஜன் ஆண்டுக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் இருக்கும். ஆனால் தக்கை ஒரு மரத்தின் பட்டை. ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. ஒரே நாளில் நிரப்பி, ஒரே பெட்டியில் நாற்பது ஆண்டு கிடந்த இரண்டு பாட்டில்களில் ஒன்று அமிர்தமாகவும் இன்னொன்று காடியாகவும் இருப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே ஆராய்ச்சி நிறுவனம் 1999-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் விளைந்த செமியோன் என்ற வெள்ளை ஒயினை எடுத்து, 14 விதமான மூடிகளில் அடைத்து வைத்தது. பல ஆண்டு கழித்து அந்தப் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படம் ஒன்று உண்டு. ஒரு முனையில் இளம் எலுமிச்சை நிறம். அங்கிருந்து படிப்படியாகப் பொன்னிறம், தேன் நிறம், மறுமுனையில் ஏறக்குறைய டிக்காஷன் நிறம். உள்ளே ஊற்றியது ஒரே ஒயின். மூடி மட்டும்தான் வேறு. ஆயிரம் வார்த்தை எழுதினாலும் அந்தப் படம் சொல்வதை என்னால் சொல்லிவிட முடியாது. திருகு மூடி போட்டது வெளிறிய முனையில் நின்றது. கிளேர் பள்ளத்தாக்குக்காரர்கள் 2000-ல் கூட்டாகத் திருகு மூடிக்கு மாறியபோது நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். இன்று ஆஸ்திரேலியாவில் விலையுயர்ந்த சிவப்பு ஒயின்கள்கூட அப்படி வருகின்றன.

தக்கைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் வளரும் பூஞ்சை சில சமயம் டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருளை உண்டாக்கும். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், ஈர அட்டைப்பெட்டியின் வாடை அடித்து மொத்த ஒயினும் வீணாகும்.

வாசனை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆஸ்திரேலிய ஷிராஸில், குறிப்பாகக் குளிர்ந்த பகுதிகளில் விளைவதில், மிளகு வாசனை வரும் என்று காலகாலமாகச் சொல்வார்கள். ஏதோ கற்பனை வர்ணனை என்று நினைத்துவிடாதீர்கள். 2008-ல் அடிலெய்டு ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான மூலக்கூறைப் பிடித்துவிட்டார்கள். பெயர் ரொட்டண்டோன். நம் ரசத்தில் போடும் மிளகின் வாசனையும் அதே மூலக்கூறுதான், மிளகில் பல ஆயிரம் மடங்கு அதிகம். ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடிக்கும். ஆனால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை தெரியவே தெரியாது! ஒரே கோப்பையைப் பற்றி இருவர் சண்டை போட்டால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

கிரேஞ்சுக்கு அடுத்தபடியாகச் சேர்ப்பவர்கள் தேடுவது ஹென்ஷ்கி குடும்பத்தின் ஹில் ஆஃப் கிரேஸ். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில் 1860 வாக்கில் நட்ட கொடிகள் இன்னும் அங்கே காய்க்கின்றன. 1958 முதல் அந்த ஒரே தோட்டத்துத் திராட்சையில் இது தயாராகிறது. ஐரோப்பாவின் கொடிகளை 19-ஆம் நூற்றாண்டில் அழித்த பிலோக்சரா என்ற வேர்ப்பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவே இல்லை. அதனால் பிரான்சில்கூடக் காண்பது அரிதான கிழட்டுக் கொடிகள் ஈடனிலும் பக்கத்துப் பரோசா பள்ளத்தாக்கிலும் சொந்த வேரில் நிற்கின்றன. கிரேஞ்ச் இதற்கு நேர் எதிர். பல வட்டாரங்களின் தோட்டங்களிலிருந்து பொறுக்கியெடுத்துக் கலப்பது. இரண்டுமே பல பத்தாண்டு நிற்கின்றன. ஆயுளுக்கு ஒரே தோட்டம் என்பது கட்டாயம் இல்லை, டேனினும் புளிப்பும் பழச்சாரமும் ஒன்றையொன்று தாங்கும் அளவில் இருக்கவேண்டும்.

அப்புறம், பாட்டிலை வைக்கும் இடம். வெப்பம் கூடினால் வேதிவினைகள் வேகமெடுக்கும். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக்கணக்கு. எல்லா வினையும் ஒரே வேகத்தில் கூடுவதில்லை என்பதால், சூட்டில் வைத்த ஒயின் சீக்கிரம் முதிர்ந்த ஒயினாக ஆகாது, வெந்த ஒயினாகத்தான் ஆகும். திரவம் சூட்டில் விரிந்து தக்கையை நெட்டித் தள்ளும். குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளிழுக்கும். அதனால்தான் 12 முதல் 14 டிகிரியில், இருட்டில், ஆடாமல் படுக்கவைக்கிறார்கள். ஏலத்தில் வாங்குபவர்கள் லேபிளைப் பார்ப்பதற்கு முன் பாட்டிலின் கழுத்தில் ஒயின் எதுவரை நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள். மட்டம் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கியிருந்தால், போன இடத்துக்குக் காற்று வந்திருக்கிறது என்று பொருள். பென்ஃபோல்ட்ஸ் 1991 முதல் இதற்கென்றே முகாம் நடத்துகிறது. 15 வயதைத் தாண்டிய பாட்டிலைக் கொண்டுபோனால் திறந்து ஒரு சொட்டு சுவைத்து, நன்றாக இருந்தால் மேலே கொஞ்சம் நிரப்பிப் புதுத் தக்கை போட்டுக் கொடுக்கிறார்கள்.

ஷூபர்ட்டுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. உத்தரவை மீறி 1957, 1958, 1959 மூன்று ஆண்டும் அவர் ரகசியமாகக் கிரேஞ்ச் செய்து, அடிலெய்டில் மகில் என்ற இடத்தில் இருந்த பென்ஃபோல்ட்ஸ் நிலவறைகளில் ஒளித்து வைத்தார். புதுப் பீப்பாய்க்குப் பணம் கேட்க முடியாது, பழையவற்றையே ஓட்டினார். அதற்குள் 1951-ம் 1952-ம் தாமாகவே பதமாகத் தொடங்கிவிட்டன. ஏசியவர்களே மறுபடி வாயில் வைத்துவிட்டு மனம் மாறினார்கள். 1960-ல் மீண்டும் தொடங்கச் சொல்லி உத்தரவு வந்தது. 1955-ஆம் ஆண்டு கிரேஞ்ச் 1962-ல் சிட்னி கண்காட்சியில் தங்கம் வாங்கியது.

அந்த வயதுள்ள பாட்டிலைத் திறப்பதே ஒரு வேலை. முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் படியவிட வேண்டும். தக்கை பொடிப்பொடியாக உதிரும், திருகாணியை நம்பாமல் இரண்டு மெல்லிய தகடுகளைப் பக்கவாட்டில் செருகி மெல்ல அசைத்து இழுப்பார்கள். பிறகு கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல் ஒரே சாய்வாக வேறு குடுவையில் ஊற்றுவார்கள். முதலில் வெளிச்சம் ஊடுருவித் தெளிந்த செங்கல் நிறம் வரும். அடியை நெருங்கும்போது புகைபோல ஒரு கருங்கோடு கழுத்தை நோக்கி ஊர்ந்து வரும். அது வெளிச்சத்தைத் தொட்டதும் கையை நிமிர்த்திவிடுவார்கள்.