ஃபோர் பை ஃபோர் லிவரைப் போட்டால் போதுமா?

இந்த மழைக்காலத்தில் இன்னொரு டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) என் பட்டறை மேஜையில் பிரிந்து கிடக்கிறது. வண்டி காட்டுக்குள் போகவில்லை, ஆற்றில் இறங்கவில்லை. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். “மழைத் தூறலுங்கண்ணா, ரோடு வழுக்குமேன்னு ஃபோர் ஹை போட்டேனுங்க” என்கிறார் வண்டிக்காரர். ஃபோர் ஹை என்றால் சாதாரண வேகத்தில் இரண்டு அச்சுக்கும் இழுவை போகிற லிவர் நிலை.

அந்த மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மகிந்திரா தார், ஜிம்னி மாதிரி வண்டிகளில் ஃபோர் ஹை போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். சேற்றிலோ மணலிலோ சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார்ச் சாலை நனைந்திருந்தாலும் டயரை அப்படி வழுக்க விடாது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டுக்குள்ளேயே ஏறி நிற்கும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி இழுத்து இழுத்துப் போகும், கடைசியில் லிவர் டூ ஹைக்கு, அதாவது பின் அச்சு மட்டும் இழுக்கும் நிலைக்கு, திரும்பவே மறுக்கும். அப்போது நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தாலே பெரும்பாலும் விட்டுவிடும். இவர் லிவரைக் காலால் உதைத்திருக்கிறார். வண்டியோடு வந்த கையேட்டில் இதெல்லாம் இருக்கிறது, ஆனால் அந்தப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பல பேர் கிழிப்பதில்லை.

சரி, இது கூடப் பரவாயில்லை. எனக்கு நிஜமாகவே எரிச்சல் தருவது வேறொன்று. “ஃபோர் பை ஃபோர்னா நாலு சக்கரமும் இழுக்கும், மாட்டவே மாட்டாது” என்ற நம்பிக்கை. லாக்கர் (ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் கருவி) இல்லாத வண்டியில் நாலும் இழுக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஒரு அச்சை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இடது சக்கரம் சேற்றில், வலது சக்கரம் பாறையில். சேற்றுச் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு வந்ததுமே வழுக்கத் தொடங்கிவிடுகிறது, பாறைமேல் இருப்பது 1,500 வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அச்சின் நடுவில் இருந்து இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சரிசமமான முறுக்கைத்தான் கொடுக்கும். சேற்றில் இருப்பது 100க்கு மேல் வாங்காது என்றால் பாறையில் இருப்பதற்கும் 100தான். மொத்தம் 200. பாறையில் உள்ள 1,400 வீண். “வழுக்குற சக்கரத்துக்கே எல்லா இழுவையும் போயிடுது” என்பார்கள். அதுவும் தப்பு. அந்தச் சக்கரத்துக்குப் போவது சுழற்சி மட்டும்தான். இழுவை இரண்டு பக்கமும் ஒரே அளவு, இரண்டு பக்கமும் சொற்பம். அதனால்தான் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சேறு பறக்கிறதே தவிர வண்டி அசைவதில்லை.

ஃபோர் பை ஃபோர் போட்டால் இதே கணக்கு முன் அச்சிலும் நடக்கிறது. பள்ளத்தில் குறுக்காக இறங்கி முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் தொங்கினால், தொங்குகிற இரண்டும் சுற்றும், தரையில் இருக்கிற இரண்டும் சும்மா நிற்கும்.

லாக்கர் வேலை செய்வது இங்கேதான். இரண்டு பக்கத்து ஆக்ஸிலையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால், மேலே சொன்ன கணக்கில் 200 இருந்த இடத்தில் 1,600 வரை கிடைக்கும். ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜிம்னியில் லாக்கர் கிடையாது, வழுக்கும் சக்கரத்தை பிரேக் பிடித்து மறுபக்கத்துக்கு இழுவையை அனுப்பும். அது வேலை செய்ய ஆக்சிலரேட்டரை விடாமல் சீராக மிதிக்க வேண்டும், பயந்து காலை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். தாரில் சில மாடல்களில் பின் அச்சில் மெக்கானிக்கல் லாக்கர் தானாக விழும். சக்கரம் கொஞ்சம் சுற்றிய பிறகுதான் விழும், ‘டக்’கென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து வண்டியை இங்கே கொண்டுவந்து விடுகிறவர்கள் உண்டு. நன்றாக இருக்கிறது, எடுத்துப்போங்கள் என்று அனுப்பிவிடுவேன். ஃபோர்ஸ் கூர்கா வண்டியில் முன் லாக்கரையும் பின் லாக்கரையும் ஓட்டுநரே கையால் போட வேண்டும்.

கையால் போடுவதாக இருந்தால் மாட்டுவதற்கு முன்னாலேயே போடுங்கள். சக்கரம் வெறி பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போது லாக்கரைத் திணித்தால் ஆக்ஸில் முறியும். முன் லாக்கர் போட்ட வண்டி வளையாது, நேராகத் தள்ளிக்கொண்டே போகும். பள்ளத்தாக்கு ஓரத்தில் இதைக் கண்டுபிடிக்க வேண்டாம். மேடு தாண்டியதும் முதல் வேலை லாக்கரை எடுப்பது.

தயவுசெய்து இதையும் கேளுங்கள். லாக்கருக்குச் செலவு செய்வதற்கு முன் டயரைப் பாருங்கள். நெடுஞ்சாலை டயரில் 32 பிஎஸ்ஐ காற்றோடு மணலில் இறங்கினால் எந்த லாக்கரும் காப்பாற்றாது. 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள், டயர் பரந்து மணல்மேல் உட்காரும். அப்புறம் சாலைக்கு வந்ததும் பழையபடி ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரெசர் கையில் இருக்கட்டும். கடற்கரை மணலில் பழகலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டை வைக்கும், உங்கள் டயர் தடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. நாலு சக்கர இழுவை வண்டியை நகர்த்தத்தான், நிறுத்த உதவாது. எல்லா காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக். ஈர ரோட்டில் பக்கத்தில் போகிற சின்ன காரைவிட உங்கள் வண்டி சீக்கிரம் நின்றுவிடாது, எடை கூட இருப்பதால் இன்னும் தள்ளி நிற்கக்கூடும். மண் பாதையில் செங்குத்தாக இறங்கும்போது ஃபோர் லோவில் (இரண்டு அச்சுக்கும் இழுவை, ஆனால் மிக மெதுவான வேகம்) முதல் கியர் போட்டு, வேகத்தைப் பிடித்துவைக்கும் வேலையை எஞ்சினிடம் விடுங்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப் ஓட்டுநர்களைப் பாருங்கள், நடக்கிற வேகத்தில்தான் போவார்கள். அவசரப்படுவது சுற்றுலா வந்தவர்தான்.

தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியை அப்படியே நிறுத்தி வைக்காதீர்கள். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஹவுசிங் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால், பிரீதர் (ஹவுசிங்குக்குள் காற்று போய்வரும் சின்னத் துளை) அடைத்திருக்கும் வண்டியில் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வாரமே பிளக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தால் உடனே மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் முக்கியப் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் செட் தேய்ந்து என்னிடம் வருவீர்கள். அதற்கான பில்லைப் பார்த்து என்னைத் திட்டாதீர்கள்.