ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்: ‘அழுத்தம்’ என்பது சரியான சொல்லா?

‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ என்பதை ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று எழுதிவிட்டுப் பலரும் கடந்துபோகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அழுத்தம் என்றதும் ஒருவருக்கு ரத்த அழுத்தம் நினைவுக்கு வரும், இன்னொருவருக்கு மன அழுத்தம். செல்லுக்குள் நடப்பதோ வேறு: ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் சிதைக்கும் பொருள்கள், அவற்றைத் தணிக்கும் செல்லின் திறனை மிஞ்சிவிடுகின்றன.

ஈஸ்டை வைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும் (இலங்கைப் பாடநூல்களில் இதற்கு ‘மதுவம்’ என்று அழகான பெயர்). கரும்புச் சக்கையை அமிலமும் சூடும் கொடுத்து உடைத்து, வரும் சர்க்கரையை ஈஸ்டிடம் கொடுத்து எத்தனால் எடுக்கப் பார்க்கும்போது, அந்தச் சர்க்கரையோடு ஃபர்ஃபியூரல் என்ற நச்சும் சேர்ந்தே உண்டாகிறது. லத்தீனில் ‘ஃபர்ஃபர்’ என்றால் தவிடு. தவிட்டிலிருந்து எடுத்ததால் அந்தப் பெயர். ஃபர்ஃபியூரல் ஈஸ்டுக்குள் போனதும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை பெருகி, புரதம், கொழுப்பு, டிஎன்ஏ என்று எல்லாவற்றையும் சிதைக்கத் தொடங்குகின்றன. அவற்றைத் தணிக்கிற குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறைப் புதுப்பிக்க, எலக்ட்ரான்களைத் தருகிற என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு வேண்டும். ஃபர்ஃபியூரலைத் தீங்கு குறைந்த ஆல்கஹாலாக மாற்றவும் அதே என்ஏடிபிஎச் செலவாகிறது. கையிருப்பு ஒன்று, கேட்பவர்கள் இரண்டு பேர்.

இதை நாம் வீட்டில் என்ன சொல்லுவோம்? பண நெருக்கடி என்போம். 1985-இல் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் இந்தச் சொல்லுக்கு வரையறை தந்தபோதும் சமநிலை குலைவதைத்தான் சொன்னார், எதுவும் எதையும் அழுத்துவதை அல்ல. ‘ஸ்ட்ரெஸ்’ஸின் லத்தீன் வேருக்கு இறுக்குதல் என்று பொருள், ‘நெருக்கடி’யின் வேர் நெருக்குதல்; இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். இயற்பியல் பாடநூலில் உள்ள ‘தகைவு’ கம்பிக்கும் உத்தரத்துக்கும் பொருந்தும், உயிருக்கு ஒட்டாது. அதனால் ‘ஆக்சிஜனேற்ற நெருக்கடி’ என்பதே என் தேர்வு, இலங்கை வழக்கில் ‘ஒட்சியேற்ற நெருக்கடி’.

சரி, ஈஸ்ட் என்ன செய்கிறது? எழுந்து ஓட அதற்குக் காலில்லை. ஆனால் அதனிடம் யாப்1 என்றொரு புரதம் இருக்கிறது. சாதாரண நாளில் இது உட்கருவுக்குள் போனாலும் உடனே வெளியே அனுப்பப்பட்டுவிடும். பெராக்சைடு கூடியதும், அதை முதலில் உணர்கிற இன்னொரு புரதத்தின் உதவியால் யாப்1-க்குள் இரண்டு கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ள, புரதத்தின் வடிவமே மாறி, வெளியேற்றும் அடையாளம் மறைந்துபோகிறது. (‘யாப்பு’ என்றால் தமிழில் கட்டு, தற்செயல்தான், ஆனாலும் எனக்கு இது மறக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம்.) உட்கருவிலேயே தங்கிவிட்ட யாப்1, குளூட்டாதயோனையும் தயோரெடாக்சின் என்ற இன்னொரு காப்புப் புரதத்தையும் தயாரிப்பதற்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

இதனால்தான் முதலில் கொஞ்சம் பெராக்சைடு கொடுத்துப் பழக்கிய ஈஸ்ட், அப்புறம் கொல்லும் அளவு கொடுத்தாலும் பிழைத்துக்கொள்கிறது. இதற்குத் ‘தகவமைப்பு’ என்று எழுதலாம், ஆனால் நம் பாடநூல்களில் அது ஒட்டகத்தின் திமிலுக்கும் சேர்த்துச் சொல்லும் சொல், தலைமுறை தலைமுறையாக வந்தது. ஈஸ்ட் செய்வதோ ஒரே பிறவியில், சிறிது நேரத்துக்குள், மரபணு எதுவும் மாறாமல். ‘ஈடுகொடுத்தல்’ என்று நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.